குட்டி யானைக்கு ஒரு பூட்டு

ஆம்பூரிலிருந்து மாமா ஒரு ராத்திரி போன் பண்ணினார். "மாப்ள, வண்டி ஒண்ணு எடுத்துட்டேன். குட்டி யானை. செகண்ட் ஹேண்டுதான். திருட்டுப் போகாம இருக்க என்னென்னமோ மாட்டறாங்களாமே, அதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே."

ஊரில் கம்ப்யூட்டர் படித்தவன் என்றால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் அவன்தான். "ரெண்டு நாள்ல சொல்றேன் மாமா" என்றேன். உண்மையில் பதில் சொல்லி முடிக்க ரெண்டு மாதத்துக்கு மேல் ஆனது. விலையும் மாடலும் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். மிச்ச நாளெல்லாம் வேறொரு கேள்விக்குப் போனது. யாரிடமிருந்து பூட்டுகிறோம் என்ற கேள்வி அது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்கு நம்மூரில் விழுந்த பெயர் குட்டி யானை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் ஊர்களில் அது ஓடாத சந்து கிடையாது. பதனிட்ட தோலை ஒரு இடத்திலிருந்து ஏற்றி, வெட்டித் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் இறக்க வேண்டும். அங்கே தைத்து முடித்த அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, மறுபடி ஏற்றி ஷூ கம்பெனியில் சேர்க்க வேண்டும். சில நாள் வண்டியின் விலையைவிட தார்ப்பாய்க்குக் கீழே இருக்கும் சரக்கின் விலை அதிகம். மாமாவின் வண்டி இந்த ஓட்டத்துக்குத்தான். கடன் வாங்கி எடுத்த வண்டி. மாசா மாசம் டியூ. காணாமல் போனால் வண்டியோடு ஒரு குடும்பமும் சேர்ந்து போகும். இதை மறந்துவிட்டு நான் எந்தத் தத்துவமும் பேச முடியாது.

*

சந்தையில் கிடைப்பதை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். கத்துவது, கண்ணுக்குத் தெரிவது, ஒளிந்திருப்பது.

கத்துவது சைரன் வைத்த அலாரம். விலை குறைவு. மாமா தெருவிலேயே ஒரு காரில் இருந்தது. நான் ஊருக்குப் போயிருந்த ஒரு மழை ராத்திரி அது கத்த ஆரம்பித்து நிற்காமல் கத்தியது. ஒரு கதவும் திறக்கவில்லை. வண்டிக்காரர் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. நானும் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டேன்.

காலையில் யோசித்துப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சைரனால் திருடனின் கையைப் பிடிக்க முடியாது. அது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் அதன் பலம். எங்கள் பாட்டி காலத்தில் "திருடன், திருடன்" என்று ஒரு குரல் கேட்டால் தடியோடு நாலு பேர் வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் நம்மைவிட வீரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். பூனை குதித்ததற்கெல்லாம் ஊரைக் கூப்பிட்டால் மறுநாள் டீக்கடையில் தலைகாட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த வெட்கம்தான் அந்தக் கூச்சலுக்கு ஜாமீன். சைரனுக்கு வெட்கம் கிடையாது. லாரி போனாலும் கத்தும், இடி இடித்தாலும் கத்தும். பொய்யாகக் கத்தியதற்கு எதையும் இழக்காத ஒன்று உண்மையாகக் கத்தும்போது யார் எழுந்து வருவார்கள்?

சைரனை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

*

கண்ணுக்குத் தெரிவது ஸ்டீயரிங் பூட்டு, கியர் பூட்டு, சக்கரத்தில் போடும் சங்கிலி. இதில் ஒரு பெருமையும் இருக்கிறது. பூட்டு என்றாலே நமக்குத் திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு, பெல் பூட்டு, டிரிக் பூட்டு என்று கையால் செய்த வகைகள். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தோல் பதனிடுவதிலும் அது பழைய ஊர் என்பதால், பூட்டும் தோலும் ஒன்றுக்கொன்று புதிதில்லை.

ஆனால் வெளியே தெரிகிற பூட்டு திருடனிடம் என்ன சொல்கிறது? "திருடாதே" என்று சொல்வதில்லை. "இது கஷ்டம், பக்கத்து வண்டியைப் பார்" என்கிறது. அவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதில்லை, நாலு வீடு தள்ளிப் போகிறான்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் லோஜாக் என்று ஒரு கருவி, 1986-ல் மாசசூசெட்ஸில் அறிமுகமானது. காருக்குள் எங்கேயோ ஒளித்து வைக்கப்படும் சின்ன ரேடியோ. கார் திருடு போனால் போலீஸ் அதன் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போகும். வெளியே ஸ்டிக்கர் கிடையாது, எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காருமே அவனுக்குச் சந்தேகம்தான். இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு பேர் 1998-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பெரிய நகரங்களில் லோஜாக் பொருத்திய கார்கள் ஒரு சதவீதப் புள்ளி கூடினால் மொத்தக் கார் திருட்டு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. காசு கொடுத்து மாட்டியவருக்குக் கிடைப்பது அந்த நன்மையில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் மாட்டாதவர்களுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற பூட்டின் கணக்கு இதற்கு நேர் எதிர். நன்மை பூட்டியவருக்கு, பாரம் பக்கத்து வீட்டுக்கு.

மாமாவிடம் இதைச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். "நம்மூரு தண்ணி கதைதான்டா இது" என்றார்.

அதேதான். இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. தோலைக் கழுவிய தண்ணீரை ஒரு வாய்க்காலில் திறந்துவிட்டால் திறந்தவருக்குச் செலவு மிச்சம். உப்பும் சாயமும் போய்ச் சேர்வது இன்னொருவர் கிணற்றில். வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. இன்று இந்தியாவெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் வேலூர் என்ற பெயரை அந்த வழக்கின் வழியாகத்தான் படிக்கிறார்கள். நம் பாதுகாப்பின் கழிவு யார் கிணற்றில் விழுகிறது என்று பூட்டு வாங்கும்போதும் கேட்கலாம்.

ஆனாலும் பூட்டு எல்லாமே பாவம் என்று சொல்லிவிட முடியாது. சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினே ஓடாதபடி செய்யும் இம்மொபிலைசரை 1998-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் அதை ஆராய்ந்தவர்கள், திருட்டு பழைய கார்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தாலும், மொத்தத்தில் சுமார் 40 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பூட்டினால் தள்ளிவிடுவதற்குப் பக்கத்து வீடு இருக்காது. ஒருவர் மட்டும் பூட்டும்போதுதான் இந்தத் தர்மசங்கடம்.

*

ஆக, ஒளிந்திருப்பதுதான் நல்லது என்று முடிவு பண்ணினேன். ஜிபிஎஸ் டிராக்கர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு. பேட்டரிக்கு ஒரு ஒயர், எர்த்துக்கு ஒன்று, சாவி போட்டிருக்கிறதா என்று பார்க்க இக்னிஷனுக்கு ஒன்று. இன்னொன்று ரிலேவுக்கு. போனிலிருந்து கட்டளை போனால் அந்த ரிலே எரிபொருள் பம்ப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடும்.

எஞ்சினியர் புத்தி இங்கே கொஞ்சம் உதவியது. மலிவான டிராக்கர்களில் பல 123456 என்ற பாஸ்வேர்டோடுதான் வருகின்றன. 2022-ல் மைகோடஸ் என்ற சீன நிறுவனத்தின் ஒரு மாடலில் பெரிய ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த நிறுவனத்தின் டிராக்கர்கள் 169 நாடுகளில், சுமார் 15 லட்சம் வண்டிகளில் இருந்தன. ஓட்டை தெரிந்த ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு வண்டி போகும் வழியைப் பார்க்கலாம், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளையே நிறுத்தலாம். திருடனுக்கு எதிராகப் போட்ட பூட்டே திருடனுக்கு வாசல். அதனால் யாரோ ஒருவரின் ஆப்பை நம்பாமல், டிராக்கார் என்ற திறமூல மென்பொருளை நானே ஒரு சின்ன சர்வரில் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாம் என் கட்டுப்பாட்டில் வைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

பொருத்துவதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். டேஷ்போர்டைக் கழற்றி, ஒயரை வாயில் கவ்விக்கொண்டே கேட்டார்: "டிரைவருக்குத் தெரியணுமா, தெரியக் கூடாதா?"

கியர் பக்கம் மாட்டலாமா, இந்தப் பக்கம் மாட்டலாமா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். அவருக்கு அது தினம் கேட்கிற கேள்வி. மாமா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "தெரிய வேணாம்ண்ணே."

லோஜாக்கின் தர்க்கம் அது. யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. யாருக்கும் என்பதில் பாயும் அடங்குவார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தாலும் அன்றைக்கு அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

*

பாய் என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். மாமா இதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்து ஓட்டிய வண்டியிலிருந்து அவர்தான் டிரைவர். என்னைத் தம்பி என்பார்.

வேலை முடிந்து பெங்களூரு திரும்பினேன். இங்கேதான் என் சறுக்கல். சர்வர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் முதல் நாள் மேப்பைத் திறந்தேன். இரண்டாம் நாள் சும்மா திறந்தேன். ஒரு வாரத்தில், ஆபீஸ் மீட்டிங் நடுவே, குட்டி யானை இப்போ எங்கே என்று பார்ப்பது கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. பள்ளிகொண்டா தாண்டிவிட்டது. பேரணாம்பட்டில் நிற்கிறது. நீலப் புள்ளி நகர்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனமில்லை.

இரண்டாவது புதன்கிழமை சாயங்காலமும் புள்ளி மின்னூர் பக்கத்தில் நின்றது. போன புதன்கிழமையும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே நேரத்தில் நின்றிருந்தது. ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாரமும் முக்கால் மணி நேரம். அது லோடு இறக்குகிற இடமில்லை, டீ குடிக்க முக்கால் மணி ஆகாது. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். என் குரலில் ஒரு கண்டுபிடிப்பின் உற்சாகம் இருந்திருக்கும்.

"தெரியும்" என்றார் மாமா.

"தெரியுமா?"

"பாய் சொல்லியிருக்கார். ரொம்ப வருஷம் முன்னாடியே. புதன்கிழமைல ஒரு முக்கா மணி நேரம் வேணும்ண்ணே, இதுக்குத்தான்னு சொல்லிக் கேட்டார். சரின்னேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"மேப்ல பாத்தேன் மாமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "வண்டி திருடு போச்சா?"

"இல்ல."

"அப்புறம் நீ இன்னாத்துக்குப் பாக்கற?"

மின்னூரில் பாய்க்கு என்ன வேலை என்று மாமா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசகர்கள் காத்திருந்தால் மன்னிக்க வேண்டும், இந்தக் கட்டுரையிலும் அது வராது.

*

மாமாவுக்கும் எனக்கும் தெரிந்தது ஒரே தகவல்தான். அதே இடம், அதே முக்கால் மணி நேரம். ஆனால் அவருக்கு அது கொடுக்கப்பட்டது. நான் எடுத்துக்கொண்டேன். அவரிடம் பாய் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறார். மாமா சரி என்றிருக்கிறார். அவ்வளவு வருஷமும் ஒவ்வொரு புதன்கிழமையும் பாய் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார், மாமா சரிபார்க்காமல் இருந்திருக்கிறார். ஒரு கயிற்றின் இரண்டு முனை மாதிரி. புள்ளி வந்த பிறகு அந்தக் கயிற்றுக்கு வேலையில்லை. பாய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். உண்மை சொல்வதற்கான வாய்ப்பையே அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். பொய் சொல்ல வழியே இல்லாத இடத்தில் ஒருவரை நேர்மையானவர் என்று எப்படிச் சொல்வது?

கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருகிற வாதம் ஒன்று உண்டு. தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? நானும் ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். தப்பு செய்யாதவருக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது என்பது மின்னூரில்தான் புரிந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த நம்பகத்தன்மை, யாரும் திருடாமலேயே, மதிப்பிழந்து போகிறது.

திருக்குறளில் 51-வது அதிகாரம் தெரிந்துதெளிதல். அதன் கடைசிக் குறள் இரண்டு தவறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று, ஆராய்ந்து நம்பியபின் அவரைச் சந்தேகப்படுவது இன்னொன்று. இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது. சிந்திக்காமல் நம்பு என்று வள்ளுவர் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு காலம் உண்டு, அது முடிய வேண்டும் என்கிறார். டிராக்கரின் பிரச்சினை இதுதான். அதற்கு ஆராய்ச்சி முடிவதே இல்லை. பத்து வருஷம் நேராக ஓட்டியவரையும் அது இன்று காலை சேர்ந்தவரைப் போலத்தான் பார்க்கும்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: ஜீரோ டிரஸ்ட். 2010-ல் ஜான் கிண்டர்வாக் என்பவர் பிரபலமாக்கியது. நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கிறது என்பதற்காக எந்தக் கம்ப்யூட்டரையும் நம்பாதே, ஒவ்வொரு முறையும் சரிபார் என்பது கொள்கை. சர்வர்களுக்கு இது அருமையான கொள்கை, நான் தினமும் அப்படித்தான் எழுதுகிறேன். சர்வரிடம் ஆயிரம் முறை "நீ யார்?" என்று கேட்டாலும் அது ஆயிரம் முறையும் ஒரே மாதிரிப் பதில் சொல்லும். மனுஷனிடம் இரண்டாவது முறை கேட்கும்போதே அவன் முகம் மாறும். மூன்றாவது முறை கேட்டால் அவன் வேறு ஆள். சரிபார்ப்பது சர்வரை மாற்றுவதில்லை, மனிதரை மாற்றிவிடும்.

வேலூர்க் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இதுதான் ஞாபகம் வருகிறது. சுற்றிலும் அகழி, கல் மதில். வெளியிலிருந்து வருகிறவனை நிறுத்த என்னவெல்லாம் வேண்டுமோ எல்லாம் உண்டு. 1806 ஜூலை 10 அதிகாலையில் ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களே எழுந்தார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் தளபதி கிராடக், நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி கூடாது, தோலாலான சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். மே மாதம் மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. தலைப்பாகை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் உண்டு. ஆனால் காவலுக்கு நிற்பவனை அவமானப்படுத்திவிட்டால் அகழி எவ்வளவு ஆழம் என்பது கணக்கில் வராது என்பதை அந்த விடியல் காட்டியது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கிராடக்கும் கவர்னர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

ஒரு டிராக்கருக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது அதிகம்தான். அளவு வேறு. ஆனால் நம் பொருளைக் காப்பவரையே நம் சந்தேகத்தின் பொருளாக ஆக்கும்போது நடக்கிற தவறு ஒரே ஜாதி.

*

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவள் சொன்னது: "உனக்குச் சம்பளம் வருது, நீ நம்புவ. அவனுக்கு வண்டி போனா நடுத்தெரு."

நியாயம். நம்பிக்கை என்பது இழக்க வசதி உள்ளவர்களின் ஆடம்பரமா? லோடைப் பாதி வழியில் விற்றவர்கள், டீசல் உருவியவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? சட்டத்துக்கும் அது தெரியும். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டமே திருட்டையும் நம்பிக்கை மோசடியையும் வேறு வேறு குற்றமாக வைத்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் திருட்டு 303-வது பிரிவு, நம்பிக்கை மோசடி 316-வது பிரிவு. பழைய சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம். சரக்கை ஏற்றிச் செல்லக் கொடுத்தவர் மோசம் செய்தால் ஏழு வருஷம். கொடுத்த நம்பிக்கைக்கு எடை உண்டு, அதை உடைப்பது பெரிய குற்றம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த எடை இருப்பதற்கு முதலில் நம்பிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தச் சங்கிலி மாமாவோடு நிற்குமா? கடன் கொடுத்தவர் கண்ணில் மாமாவே ஒரு டிரைவர்தான். அமெரிக்காவில் கடனில் வாங்கிய சுமார் இருபது லட்சம் வண்டிகளில், தவணை தவறினால் ஸ்டார்ட் ஆகாமல் நிறுத்தும் கருவி இருப்பதாக 2014-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தில் வண்டி உயிர் பெறாமல் நின்றவர்களின் கதை அதில் இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "டியூ மூணு நாள் தள்ளினா என் வண்டிய எவனோ அணைச்சிடுவானா?" என்று கோபப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பாய்க்கும் அப்படித்தானே இருக்கும்" என்றார்.

மறு வாரம் ஊருக்குப் போய் மாமாவும் நானும் பாயிடம் சொன்னோம். பாய் பெட்டி இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"எத்தினி நாளா தம்பி?"

"பதினேழு நாளா பாய்."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தது தெரிந்தது. "அப்போ மின்னூரு..."

"ஆமா பாய்."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தார்ப்பாய்க் கயிற்றை ஏற்கெனவே இறுக்கியிருந்தும் மறுபடி இறுக்கினார்.

நான்கு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். நான் எதிர்பார்க்காததைக் கேட்டார். "தம்பி, அந்த மேப்ப என் போன்ல போட்டுத் தர முடியுமா?" எதற்கு என்றேன். கம்பெனி கேட்டில் சில நாள் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் டிரைவர் லேட்டாக வந்தான் என்று எழுதிவிடுகிறார்களாம். "நான் எப்ப வந்தேன்னு காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. வாய் வார்த்தைய எவன் நம்பறான்?"

அவரைக் காட்டிக்கொடுத்த அதே பதிவு அவருக்குச் சாட்சியாகவும் நிற்க முடியும். தகவல் நல்லதா கெட்டதா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் கேட்டது அது யார் கையில் இருக்கிறது என்று. எடுத்துக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை அவர் கையில் இருந்தால், அது மறுபடியும் சொல்வதாக ஆகிவிடுகிறது.

*

1818-ல் ஜெரமையா சப் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு பூட்டுக்கு உரிமம் வாங்கினார். டிடெக்டர் பூட்டு என்று பெயர். தப்பான சாவியையோ கம்பியையோ போட்டு யாராவது நெம்பினால் உள்ளே ஒரு நெம்புகோல் சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை உரிமையாளர் சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஞாபகம் உள்ள பூட்டு. ஆனால் அதன் ஞாபகத்தில் இருப்பது தப்பான சாவி மட்டும்தான். சரியான சாவி எத்தனை முறை வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று அது எண்ணுவதில்லை.

இதை வைத்துத்தான் கடைசியில் சர்வரை மாற்றி எழுதினேன். சாவி போடாமல் வண்டி நகர்ந்தால், ஒயரை அறுத்தால், ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் தெருவைத் தாண்டினால் மாமாவுக்கும் பாய்க்கும் ஒரே நேரத்தில் போன் அடிக்கும். ராத்திரி ஓட்டம் இருந்தால் பாயே முன்கூட்டி ஒரு பட்டனைத் தட்டிவிடுவார். பகலில் வண்டி எங்கே என்று மாமா பார்க்க வேண்டுமானால் 'வண்டியைக் காணோம்' என்று அழுத்த வேண்டும். அழுத்தியது பாய் போனிலும் தெரியும். போன வழியின் பதிவு பாயின் போனில் மட்டும் திறக்கும், முப்பது நாளில் அழியும். எஞ்சினை அணைக்கும் ரிலேவை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டேன். லோடோடு ஹைவேயில் போகிற வண்டியை வேறு ஊரில் உட்கார்ந்து அணைக்கும் அதிகாரம் என் கையில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். அதைப் போடாமல் வண்டி கிளம்பாது. இருக்கும் இடம் இரண்டு பேருக்குத் தெரியும், நான் அதில் ஒருவனில்லை.

சர்வர் என்னுடையது, நினைத்தால் எதையும் திறந்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பூட்டு கிடையாது.

பாயே வண்டியோடு போய்விட்டால் இந்த ஏற்பாட்டில் என்ன பாதுகாப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் மாமாவிடம் கேட்டேன். "ஆளப் பாத்து, பழகிப் பாத்துத்தான சாவி குடுத்தோம். அதுக்கப்புறம் அலாரம் எதுக்கு?" என்றார். இது பதில் இல்லை என்று தெரியும். இதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.

எட்டு மாதத்தில் இரண்டு முறை போன் அடித்தது. ஒருமுறை மெக்கானிக் சொல்லாமல் பேட்டரியைக் கழற்றினார். இன்னொருமுறை ராத்திரி ஓட்டத்துக்குப் பாய் பட்டனைத் தட்ட மறந்துவிட்டார். இரண்டு முறையும் மாமாவும் பாயும் ஒருவருக்கொருவர் ஒரே நேரத்தில் போன் போட்டு, இரண்டு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் குட்டி யானை எங்கே நிற்கிறது என்று இப்போது நான் பார்ப்பதில்லை. மாமாவுக்குத் தெரியும். பாய் சொல்லியிருக்கிறார்.